வெள்ளையம்மா நாய்க்குட்டி தேடிய வருஷம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மாதத்தில், மலாயாவின் ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற ஊரில் பால் விற்றுக்கொண்டிருந்த வெள்ளையம்மாவின் மாடுகள் பனிமூட்டத்தின் மேல் ஏறி மேயத் தொடங்கின. ரப்பர் விலையும் அந்த வருஷம் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததால் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. விடியலில் பால் கறந்து அவிழ்த்துவிட்டதும், சதுப்பிலிருந்து எழும் பனியில் மேட்டில் ஏறுவதுபோலக் கால்வைத்து ஏறி, மரங்களின் உச்சியில் படர்ந்திருந்த கொடிகளைத் தின்றன. வெயில் வந்து பனி கரையும்போது எந்த இடத்தில் நிற்கின்றனவோ அந்த இடத்திலேயே மெதுவாக இறங்கின. ஒன்று தண்டவாளத்தில் இறங்கி ரயிலை நிறுத்தும். இன்னொன்று சீனர் மளிகைக் கடையின் கூரையில் இறங்கி அசைபோடும். ஏணியும் கயிறுமாக ஊரெல்லாம் அலைந்து வெள்ளையம்மாவுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது. போதாக்குறைக்கு, பால் ஜில்லென்று வருகிறது, காய்ச்ச விறகு அதிகம் பிடிக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

மார்கழியில் மயிலை என்ற சினைமாடு ரப்பர் தோட்டத்து நாற்றங்காலில் இறங்கி இளஞ்செடிகளை மிதித்துவிட்டது. இன்னொரு தடவை எந்த மாடு அங்கே இறங்கினாலும் சுட்டுவிடப் போவதாகத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி அனுப்பினார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். அன்றே துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைத்துவிட்டார். மாட்டுக்காரர்களைக் கேட்டபோது, இதற்குப் பனிக்கிடை நாய் ஒன்றுதான் வழி என்றார்கள். அகலப் பாதமும் அடர்ந்த வாலும் கொண்ட மந்தை நாய் அது. பனியில் நடக்கும், மேலே போன மாட்டை மடக்கிக்கொண்டு வரும். ஜொகூரில் அந்த ஜாதியை வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

வெள்ளையம்மாவின் புருஷன் காளியப்பன் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். நல்லவன்தான், ஆனால் எந்தக் குட்டியைப் பார்த்தாலும் மனம் கரைந்துவிடும். அவன் லாரி ஏறி சிம்பாங் ரெங்கம் போய், சந்தையில் ஜெயபாலன் என்பவன் கூடையில் வைத்து விற்ற குட்டியை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். தாய் நாயைப் பார்த்தீர்களா என்று வெள்ளையம்மா கேட்டதற்கு, குட்டி தன்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டதாகச் சொன்னான். மறுநாள் விடியலில் குட்டி பனிக்குள் ஓடியது. ஓட ஓட அதன் ஓரங்கள் கலங்கின, பிறகு உடம்பு கலங்கியது, கடைசியில் கழுத்துக் கயிறு மட்டும் புல்லில் கிடந்தது. பால்காரிக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. உறையாத தயிரைக் கலக்கியதுபோல, தாய் மடியில் இருந்து உடம்பு உறைவதற்கு முன்பே பிரித்த குட்டி அது. காளியப்பன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். அவன்மேல் எரிந்து விழக்கூட முடியாமல் போனதில் அவளுக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

அடுத்த தடவை அவளே கூடப் போனாள். ரயில் பிடித்து பெக்கோக்கில் இறங்கி, அர்ச்சுனன் என்பவனின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வரிசையாகக் கூண்டுகள், எல்லாவற்றிலும் குட்டிகள், எந்த நிறம் வேண்டுமானாலும் உண்டு. தாயைக் காட்டச் சொன்னபோது அவன் இன்றைக்கு நேரமில்லை என்றான். அவள் நகரவில்லை. வேண்டாவெறுப்பாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். ஓயாமல் ஈன்று ஈன்று அந்தத் தாய் நாய் கண்ணாடிபோல ஆகியிருந்தது. அதன் விலா வழியாகப் பின்னாலிருந்த வேலியும், வேலியில் காய்ந்த துணியும் தெரிந்தன. வெள்ளையம்மா குனிந்து அதன் தலையைத் தடவினாள். கையில் குளிர்ச்சி மட்டும்தான் தட்டுப்பட்டது.

"வாங்க போலாம்" என்றாள்.

"இதுவும் வேணாம்னா அப்புறம் எதத்தான் வாங்கறது?" என்றான் காளியப்பன்.

"ஒங்களுக்கு நொட்ட சொல்லத்தான் தெரியும் லா" என்று அர்ச்சுனன் கத்தினான். "பாலோவுல சந்திரமதின்னு ஒரு பைத்தியம் இருக்கு, அங்க போங்க. அது ஒங்கள பைத்தியமாக்கி அனுப்பும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. சந்திரமதி மாட்டு வியாபாரி ஒருவரின் விதவை. வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சோறு சூடாக வைப்பீர்களா, ஆறவைத்தா? இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அது எப்படிச் செத்தது? கள்ளுக் குடித்தால் இவர் யாரை அடிப்பார்? கயிறு மட்டும் மிஞ்சிய கதையைக் காளியப்பன் உளறிவிட, அதை ஆதியிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னாள். தாய் நாயை மட்டும் தயங்காமல் கூட்டிவந்து காட்டினாள். அது கருங்கல்போல நின்றது, தரையில் கெட்டியான நிழல் விழுந்தது. குட்டிகள் அதன் வயிற்றடியில் கிடந்தன. அத்தனைக்கும் பிறகு, "நான் வந்து ஒங்க வீட்டப் பாத்துட்டுதான் சொல்வேன்" என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டாள். பெண் கேட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு பாடு இருந்திருக்காது என்று வெள்ளையம்மா ரயில் முழுக்கப் புலம்பினாள்.

தை பிறந்து ஒரு விடியலில் சந்திரமதி தாய் நாயோடு வந்து இறங்கினாள். கொட்டகையில் ஒழுகுகிற இடத்தைக் காட்டினாள். சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தாள். காளியப்பன் எப்போதாவது நாயை உதைத்ததுண்டா என்று தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் விசாரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கிராணி ஓடிவந்தார். மயிலை நாற்றங்காலுக்கு நேர் மேலே நிற்கிறது, துரை கீழே துப்பாக்கியோடு பனி கரையக் காத்திருக்கிறார். எல்லோரும் ஓடினார்கள். மேலே, நிறைமாத வயிற்றோடு மயிலை அசையாமல் நின்றது. கிழக்கே வெயில் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது.

"அக்கா, ஒங்க நாய அவுத்து விடுங்க!" என்றாள் வெள்ளையம்மா.

சந்திரமதி கயிற்றைப் பிடித்தபடி நிதானமாகக் கேட்டாள். "மாடு முட்டுமா?"

"மாடு முட்டாது, நான்தான் முட்டுவேன்!" என்று வெள்ளையம்மா அலறினாள். "கேள்வி கேட்டே கொல்றீங்களே! அது என் புள்ள மாதிரி. அது செத்துட்டா ஒங்க நாய வச்சு நான் என்னாத்த மேய்க்க?"

சந்திரமதி முதல் தடவையாகச் சிரித்தாள். கயிறு அவிழ்ந்தது. நாய் பனியில் ஏறிய சத்தம்கூடக் கேட்கவில்லை. மயிலையின் பின்னால் வளைந்து போய், குரைக்காமல், அவசரப்படுத்தாமல், வயிறு குலுங்காதபடி திருப்பியது. பனி அடியிலிருந்து கரைந்துகொண்டே வந்தது. மேலே மாடும் நாயும் மரங்களைத் தாண்டி, லயத்தைத் தாண்டி நடந்தன. மயிலையின் குளம்பு மண்ணைத் தொட்டபோது கொட்டகை வாசல் வந்திருந்தது. துரை தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போனார். வெள்ளையம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

அன்றும் குட்டி கிடைக்கவில்லை. இன்னும் உறையவில்லை என்று சொல்லிவிட்டாள் சந்திரமதி. ஆனால் தாய் நாயைக் கொட்டகையிலேயே விட்டு, அதற்குக் காவலாகத் தானும் தங்கிக்கொண்டாள். பாலோவிலிருந்து குட்டிகளும் கூடையில் வந்து சேர்ந்தன. மாசி முடிய வெள்ளையம்மாவின் சமையலில் உப்புக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். பங்குனியில் ஒரு குட்டியைத் தூக்கி வெயிலில் பிடித்து, நிழல் கெட்டியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "வச்சிக்க முடியலன்னா யாருக்கும் குடுக்காத தங்கச்சி. எந்த வருஷமா இருந்தாலும் எங்கிட்டயே கொண்டா." அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம், குட்டியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று காளியப்பனை வெள்ளையம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

குட்டிக்குச் செம்பி என்று பெயர் வைத்தார்கள். அது வளர்ந்தபின் மாடுகள் ஏறுவதை நிறுத்தவில்லை, நேரத்துக்கு இறங்கின, அவ்வளவுதான். பிறகு ரப்பர் விலை விழுந்து, லயத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்கே திரும்பக் கப்பலேற்றப்பட்டார்கள். பழைய துரையும் போனார். புதிதாக வந்தவர் முதல் நாள் காலை பங்களா வாசலில் தேநீர் குடிக்கும்போது தலைக்கு மேலே நாய் குரைத்தது, தொடர்ந்து மணிச் சத்தம் கேட்டது. என்ன அது என்றார். வெள்ளையம்மாவின் நாய் மாடுகளை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறது என்றார் கிராணி. துரை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, தேநீர் மேசையைக் கூரைக்கு உள்ளே தள்ளிப் போடச் சொன்னார்.