கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று அண்ணன் சொன்னான். நான் எழுத ஆரம்பித்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறவன். அண்ணி மருத்துவமனைச் சமையலறையில் மேற்பார்வையாளர். அவர்களுக்குக் கீழ்வீடு, எனக்கு மாடி. கீழ்வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் நீளத்துக்குக் கடல்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது; உள்ளே நான்கு மீன்கள், கொஞ்சம் உயிருள்ள பவளம்.

"வீட்டு விஷயத்தக் கதையாக்காத, குட்டி. நாலு பேரு சிரிப்பாங்க," என்றான் அண்ணன்.

சிரிக்கட்டுமே.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீலக் கடலின் ஆழத்தில், மௌனத்தின் மடியில்..." சீ. அந்தத் தொட்டி என் இடுப்பு உயரம்கூட இல்லை. மௌனமும் கிடையாது, பம்ப் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். ஆனாலும் அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன். எனக்கு அப்படியும் எழுத வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2

வினிகரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

மீன் கழித்தது, தின்னாமல் மிச்சம் விட்டது எல்லாம் மக்கி, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேரும். அளவு மீறினால் பாசி மண்டும். அதற்கு ஒரு வழி, தினமும் கொஞ்சம் வினிகர் விடுவது. வினிகரைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும்போது அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். நுரையெடுக்கும் கருவி அந்த பாக்டீரியாவை அள்ளி வெளியே தள்ளிவிடும். (கதைக்கு எதற்கு வேதியியல் என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். அங்கே புரியவில்லை என்று திரும்பி வந்து என்னைக் கேட்கக்கூடாது.)

வினிகரை மெதுவாகத்தான் கூட்ட வேண்டும். அண்ணனும் அப்படித்தான் செய்தான். நைட்ரேட் இறங்கிக்கொண்டே போய் ஒருநாள் பூஜ்யத்தைத் தொட்டது. சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பாரு, ஒண்ணுமே இல்ல," என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. வேலையிடத்தில் அவனுக்கு அதுதானே வெற்றி: தண்ணீரில் எதுவும் இருக்கக்கூடாது.

பவளத்துக்கோ அந்த நைட்ரேட்டில் கொஞ்சமாவது வேண்டும். பூஜ்யம் என்றால் அதற்குப் பட்டினி.

3

பவளங்களில் ஒன்று அண்ணி பார்த்துப் பார்த்து வாங்கியது. நல்ல பச்சை. 'பச்சப்புள்ள' என்று கூப்பிடுவாள். வேலைக்குக் கிளம்பும்போது அதனிடம்தான் சொல்லிக்கொண்டு போவாள், அண்ணனிடம் இல்லை. பூஜ்யம் வந்த பிறகு அது வெளுக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த இரண்டு ஏற்கெனவே செத்து, வெள்ளை எலும்பாக நின்றன.

"இதுவும் போச்சுன்னா தொட்டியக் கலைச்சிடலாம். என்னால பாத்துட்டு இருக்க முடியாது," என்றான் அண்ணன்.

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே தொட்டியைப் பற்றித்தான். "நுரைக் கிண்ணம் நிறைஞ்சிருச்சு." "சரி, கழுவிடறேன்." குடும்பப் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். தொட்டி போனால் அதுவும் போய்விடும்.

(இங்கே "அண்ணி ஜன்னலோரம் நின்று கண்..." என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். அண்ணி அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு மருத்துவமனையையே சாப்பிட வைக்கிறவள். யாராவது வெளிறிப்போயிருந்தால் அழமாட்டாள், தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள்.)

4

போட்டாள். தினமும் அண்ணன் வேலைக்குப் போனதும், தொட்டிக்குள் கூடுதல் மீன் தீனி.

"பட்டினி போட்டுக் கொல்றாரு. கேட்டா அந்தக் குழாயத் தூக்கிக் காட்டுறாரு," என்றாள் என்னிடம். "நீ வாயத் தொறக்காத."

அவள் இதைச் சொன்ன அன்றைக்கே அண்ணனும் மாடிக்கு வந்தான். "நைட்ரேட்டு ஏறிட்டே இருக்கு. எங்கேருந்து வருதுன்னே புரியல. ஒரு வாரமா வினிகரக் கூட்டி ஊத்துறேன். அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா."

அவள் தீனியைக் கூட்டுகிறாள், அவன் வினிகரைக் கூட்டுகிறான். வேலையில் நல்ல பெயர் வாங்கித் தந்த புத்தி இருவருக்கும் வீட்டில் வினையாகிவிட்டது. நடுவில் பவளம்.

5

இரண்டு ரகசியமும் என்னிடம். கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? இன்னும் பத்துப் பக்கம் இழுத்திருக்கலாம். இழுக்க மாட்டேன். மறுநாள் காலையில் இருவருக்கும் படித்துக் காட்டுவது என்றுதான் நான்காம் பகுதியை எழுதினேன்.

காலையில் காகிதத்தோடு இறங்கினால், தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகி, தண்ணீரிலிருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. நான்கு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அண்ணன் காற்றுக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தான். அண்ணி வாளியில் புது உப்புத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு," என்றான்.

நான் நின்றபடியே படித்தேன். நீங்கள் சற்றுமுன் படித்த அதே வரிகள்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "இவ தீனி போடுறான்னு எழுதியிருக்கியே, அது உன் கற்பனதான?"

"கற்பன இல்ல," என்றாள் அண்ணி. "நான்தான் போட்டேன். எம்புள்ள வெளுத்தா இன்னமும் போடுவேன். நீங்க எவ்வளவு ஊத்துனீங்க?"

அவன் அளவைச் சொன்னதும் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தது சண்டை. தொட்டியில் தொடங்கி, எந்தக் காலத்திலோ சொல்லாமல் விட்டதெல்லாம் வெளியே வந்தது. தண்ணீரை மாற்றிக்கொண்டே சண்டை போட்டார்கள். அவர்கள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு, சத்தியமாக.

6

முடிவு.

"பச்சப்புள்ள பொழச்சிடுச்சுன்னு எழுது. வினிகர் மேல தப்பில்லன்னும் ஒரு வரி போட்டுடு," என்கிறான் அண்ணன். "செத்துப்போச்சுன்னு எழுது. அப்பதான் இவருக்கு உறைக்கும்," என்கிறாள் அண்ணி.

இரண்டையும் எழுத மாட்டேன். மீன்கள் நான்கும் தப்பிவிட்டன, அது நிஜம். பவளம் இன்னும் வெளுத்துத்தான் நிற்கிறது. அதன் அடியில் மட்டும் நகத்தளவுக்கு ஒரு பச்சை. பாசி என்கிறான் அவன். சதை என்கிறாள் அவள். கதையையும் கழுவித் தர மாட்டேன். கழுவிக் கழுவிப் பூஜ்யமாக்கிய கதைகளை நிறையப் படித்தாயிற்று. அடித்த வரிகள் அங்கங்கே கிடக்கின்றன, கிடக்கட்டும்.

வினிகர் பாட்டிலும் தீனி டப்பாவும் இப்போது என் மேசையில். தண்ணீர் தெளிகிற வரைக்கும் வினிகர் கிடையாது. மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி, அதையும் நான்தான் போடுவேன். இருவரும் ஒப்புக்கொண்டதுதான். ஆனாலும் அவன் தனியாக வந்து, "கொஞ்சூண்டு குடு," என்றான். அவள் தனியாக வந்து, "ஒரே ஒரு சிட்டிகை," என்றாள். இருவரையும் விரட்டிவிட்டேன்.

இனி இரண்டும் உங்கள் பொறுப்பு. இந்தாருங்கள், பாட்டில். இந்தாருங்கள், டப்பா. படியில் மறுபடியும் செருப்புச் சத்தம் கேட்கிறது. இந்த முறை இரண்டு பேர். ஏதோ பேசிக்கொண்டே ஏறி வருகிறார்கள்.

கதவைத் திறப்பதானால் திறங்கள். கையில் இருப்பதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.