இவரைக் கேட்க வேண்டுமாம்

...சிரித்திருக்கக் கூடாது, தள்ளுபடி ஆகிவிட்டது என்று வக்கீலம்மா போனில் சொன்னால் எவளாவது சிரிப்பாளா, அதுவும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், ஆவி பறக்கிற விரிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து சூப்பர்வைசர் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், இஸ்திரி மெஷினில் இருந்தவள் கை தட்டினாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "இல்லக்கா, தோத்துட்டோம், கடைசி கோர்ட்டுலயும் தோத்துட்டோம்," என்றேன், அக்கா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, பாவம், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பாள். எப்படிப் புரியவைப்பது? உள்ளூரில் உள்ள கோர்ட்டுப் படியெல்லாம் ஏறி, எல்லா இடத்திலும் இல்லை என்று சொன்ன பிறகுதான் ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவுக்கு எழுத முடியும், ஒரு இடம் பாக்கி இருந்தாலும் அங்கே முதலில் போய் வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதனால் இரண்டே வரியில் எங்களைத் தள்ளிய அந்த நீதிபதி, முகம்கூட நிமிர்த்திப் பார்க்காதவர், நன்றாக இருக்கட்டும், இழுத்தடிக்காமல் தள்ளினாரே.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது, அதற்கும் நன்றி, இன்றைக்கு எல்லோருக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது, என்ன ஆயிற்று எனக்கு? மடியில் பை, பைக்குள் வக்கீலம்மா முன்கூட்டியே கொடுத்து வைத்த மனுத் தாள். மூக்குக் கண்ணாடி நழுவ நழுவப் பேசுவாள் வக்கீலம்மா, என்னைவிடச் சின்னவள், "அக்கா, அது கோர்ட் இல்ல, யாரையும் ஜெயில்ல போடாது, ஆனா நடந்தது என்னன்னு நம்ம அரசாங்கத்தைக் கேக்கும், இவங்க பதில் சொல்லணும், கடைசியில இது தப்புன்னு அவங்களுக்குப் பட்டா உலகத்துக்கே தெரியுற மாதிரி எழுதி வைப்பாங்க," என்றாள். எழுதி வைத்தால் போதுமா? போதாதுதான். ஆனால் இத்தனை வருஷமாக என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார் என்றல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள், வயர்மேன் என்றால் விழத்தானே செய்வான் என்று. விழுந்தவனுக்குப் பத்து விரலுமா நசுங்கும்? வேறு யாரையோ தேடி வந்த போலீஸ்காரர்கள், சட்டை நிறம் ஒத்துப்போகிறது என்று ஏணியிலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது விரல்கள்... வேண்டாம். அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டர், தூக்கம் வழிகிற கண்ணோடு, விழுந்ததால் ஏற்பட்ட காயம் அல்ல என்று ஒரே ஒரு வரி எழுதினார், எழுதாமல் போயிருக்கலாம், யார் கேட்டிருப்பார்கள்? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்தோம். அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கும் இடம் வந்துவிட்டது, வீட்டுப் படி ஏறும்போதுதான் அது ஞாபகம் வந்தது. கையெழுத்து. பெயர் போடாத மனுவை அங்கே எடுக்கவே மாட்டார்களாம், வெளியே பெயர் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அரசாங்கத்துக்குத் தெரிந்தே தீரும். "நான் போட்டுடறேன், பொண்டாட்டிதானே," என்றேன், வக்கீலம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அவர் நல்லா நடமாடிட்டு இருக்கார்ல, அவர் சம்மதம் வேணும்கா, அவரைக் கேக்கணும்," என்றாள். இவரையா? வீட்டுக்குள் யாராவது அந்த நாளைப் பற்றி வாயெடுத்தால் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவரையா? இந்த மனுஷன் மாட்டேன் என்று தலையாட்டினால் எல்லாம் போச்சே, ஓடிய ஓட்டமெல்லாம் வீண்தானே.

குளித்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார், சட்டையைத் திறந்து போட்டபடி. தாளையும் பேனாவையும் வைத்தேன், மனப்பாடம் செய்தது போல எல்லாவற்றையும் ஒப்பித்தேன், குழாயடிக்குப் போய்விடுவார் என்று பார்த்தால் போகவில்லை.

"நான் வேண்டாம்னா?"

"எடுக்க மாட்டாங்க. உங்களைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டாங்களாம்."

"கேக்காம செய்ய மாட்டாங்களா?" என்றார், ஏதோ கேள்விப்படாத அதிசயம் போல. "அந்த வரி எங்க இருக்கு, படி." படித்தேன். "இன்னொரு தடவை." மறுபடியும் படித்தேன். உதட்டோரம் ஒரு சிரிப்பு, எத்தனை காலமாயிற்று அதைப் பார்த்து, என் கண் நிறைந்துவிட்டது. "யாரோ எவரோ, முகம் தெரியாதவங்க... கேக்கறாங்க பாரேன்," என்றார். "பேனா இங்கயே இருக்கட்டும். யோசிக்கறேன்."

சரி என்றேன். தொண்டைவரை வந்தது, யோசிக்க என்ன இருக்கிறது, இதற்காகத்தானே நான்... எதற்காக? நம்ம கேஸ், நம்ம கேஸ் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேனே, இழுத்துக்கொண்டு போனவர்கள் இவரைக் கேட்கவில்லை, கோர்ட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நான்? ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை? எங்கேயோ கண்காணாத ஊரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றியது கூடவே படுத்து எழுந்த எனக்குத் தோன்றவில்லையே. அவர் எழுந்தார், வழக்கம் போல என் கை தானாகவே அவர் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று, தினமும் காலையிலும் மாலையிலும் போகிற கைதான், பாதியில் நின்றுவிட்டது.

"போட்டுவிடட்டுமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார், நான் கையைக் கீழே இறக்கிக்கொண்டு காத்திருந்தேன்...