பதினான்காம் எண் வீட்டுக்கு மட்டும் வெள்ளம்

அந்த வருஷம் வெள்ளம் வீடு வீடாக, நாள் குறித்து வந்தது. பூங்கோதையின் வீட்டுக்கு வியாழக்கிழமை காலை பதினொரு மணி. அன்று பத்தரைக்குத்தான் அது அவளுக்குத் தெரியவந்தது.

பேரிடர் அலுவலகத்து ஆள் வந்து, கூடத்துச் சுவரில் கழுத்தளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டார்.

“இதுவரைக்கும் வரும். நீங்க யாரும்மா?”

“இந்த வீட்டுக்காரி.”

அவர் படிவத்தைப் புரட்டினார். “இந்த வீட்ல ஒருத்தர்தான்னு குணாளன் சார் எழுதிக் குடுத்திருக்காரு. மூணு மாசம் ஆச்சு.”

குணாளன் அவளுடைய கணவன். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். வெகுநேரமாகப் பக்கம் புரட்டவில்லை.

மூன்று மாதமாகவே அவள் மனசில் ஒரு நெருடல். டார்ச், கயிறு, குளோரின் மாத்திரை என்று தினமும் ஏதாவது கொண்டுவந்தான். கேட்டால், “வேலை செய்யற எடத்துல குடுத்தாங்க” என்பான். அவன் வேலை பார்த்தது தேங்காய் மண்டியில்.

பூங்கோதை அலமாரியைத் திறந்தாள். ஒரு பை. உள்ளே ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை. மிதவைச் சட்டையும் ஒன்றுதான். அவன் அளவு.

“எனக்கு எங்க?”

“நீ பதறுவேன்னுதான் சொல்லல.”

“அதக் கேக்கல. எனக்கு எங்க?”

“உனக்குத்தான் தண்ணின்னா பயமே கெடையாதே, கோதை.”

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பையோடு மொட்டை மாடிக்கு ஏறினான். மேலே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அலுவலகத்து ஆள் படிவத்தில் ‘சரி’ என்று குறித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரியாகப் பதினொன்றுக்கு அழைப்பு மணி அடித்தது. கதவின் துளை வழியாகப் பார்த்தாள். வாசற்படியில் தண்ணீர் நின்றிருந்தது. அவள் உயரந்தான் இருக்கும்.

“யாரு?”

“தண்ணிம்மா. பதினொரு மணிக்குன்னு போட்டிருக்கு.”

“அடையாள அட்டை?”

கதவிடுக்கில் ஈர அட்டை ஒன்று உள்ளே வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

“சொல்லாம கொள்ளாம வந்து நின்னா எப்படி?”

“மூணு கடுதாசி போட்டேம்மா. மூணும் உங்க பேருக்குத்தான். சார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு.”

பூங்கோதை ஈர அட்டையை முந்தானையில் துடைத்தாள். பிறகு கதவைத் திறந்து ஒதுங்கி வழிவிட்டாள்.

“வாங்க. மாடிப்படி வலது பக்கம். மேல தாழ் போட்டிருக்கும், கொஞ்சம் பலமாத் தள்ளணும்.”