படத்தில் இல்லாதவை

நகர மண்டபத்தின் படிக்கட்டு தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு கண்டுபிடித்தது. நூற்றுப் பதினெட்டு வருடமாக அதில் ஏறி இறங்கிய ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. குழுத் தலைவருக்கு உறைத்தது. அவருக்குக் கட்டடக்கலை தெரியும் என்பதற்கு அவருடைய கைத்தடிதான் சாட்சி. எந்தத் தூணைக் கண்டாலும் தடியால் ஒரு தட்டுத் தட்டி "ம்ம்" என்பார். தூண் ஏதோ பதில் சொல்லிவிட்டதைப் போல, பின்னால் வரும் இருவர் குறிப்பு எடுப்பார்கள்.

ஆதாரம் ஒரு புகைப்படம். மண்டபம் திறந்த அன்று எடுத்தது. நடுவில் குவிமாடம், இருபுறமும் நான்கு நான்கு தூண்கள், சன்னல்கள்கூட எண்ணி வைத்தாற்போல் சரிபாதி. அந்தச் சரிபாதிக்கு அடங்காதது வெளியே ஓடும் கல்படிக்கட்டு ஒன்றுதான். வாசலுக்கு எதிரே நின்று பார்த்தால் அது வலப்பக்கம் இருக்கிறது. படத்தில் இடப்பக்கம் இருந்தது. ஆகவே கட்டடம் தப்பு. ரசனை கெட்ட எவனோ பிற்காலத்தில் படிக்கட்டைப் பெயர்த்து இடம் மாற்றிவிட்டான் என்று அறுபத்து நான்கு பக்க அறிக்கை வந்தது. அதை இடித்துவிட்டு இடப்பக்கம் புதிதாக ஒரு பழைய படிக்கட்டு கட்டப்போகிறார்களாம்.

படிக்கட்டுக்குக் கீழே ஒரு தையல்காரி கடை வைத்திருந்தாள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்த இடம் ஒன்றே ஒன்று. அங்கே வாடிக்கையாளரையும் ஆளுயரக் கண்ணாடியையும் நிறுத்திவிட்டு இவள் குனிந்தே நடப்பாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு மெஷின்தான். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீசை அவள் கதவில் ஒட்டியவன் அவளுடைய கொழுந்தன். மண்டபத்துக் காவலாளி.

"நீயே ஒட்டுறியா தம்பி?"

"வேற எவனாவது ஒட்டினா கோணலா ஒட்டுவான் அண்ணி. நான் நேரா ஒட்டியிருக்கேன் பாருங்க."

"ரொம்ப சந்தோஷம். உங்க குடும்பத்துல யாரும் இவ்வளவு நேரா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல."

நோட்டீசில் அந்தப் படத்தையும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். படிக்கட்டில் பதினோரு கனவான்கள் கோட்டு மாட்டி விறைப்பாக நின்றார்கள். குழுவினர் அதில் கட்டடத்தைப் பார்த்தார்கள். இவள் கோட்டைப் பார்த்தாள்.

"தம்பி, உன் சட்டையில பை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இவங்களுக்கு?"

அவன் மூக்கு காகிதத்தில் படுமளவுக்குக் குனிந்தான். "வலது பக்கம் இருக்கே."

"பட்டனும் பொம்பள சட்டை மாதிரி மாறி இருக்கு. ஒருத்தன் கோட்டுன்னா தச்சவன் தூங்கிட்டான்னு விடலாம். பதினோரு கோட்டுமா? படத்தைப் புரட்டிப் போட்டு அச்சடிச்சிருக்கானுங்க. படிக்கட்டு இருக்கற இடத்துலதான் இருந்திருக்கு."

மறுநாள் பார்வையிட வந்த தலைவரிடம் இதைச் சொன்னாள். அவர் சிரித்தார். "அந்தக் காலத்து நாகரிகமே வேறம்மா. ஆராய்ச்சி பண்ணவங்களுக்குத்தான் அதெல்லாம் புரியும்."

"சரிங்க சார். ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லுங்க."

கண்ணாடிக்கு முன் நின்றார். அவருடைய கோட்டுப் பையில் பட்டுக் கைக்குட்டை எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்குள் இருந்த தலைவருக்கு அது வலது மார்பில் இருந்தது. இவள் நோட்டீசைப் பக்கத்தில் பிடித்தாள். கனவான்கள் பதினொருவரோடு பன்னிரண்டாவதாக அவரும் சேர்ந்துகொண்டார். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ம்ம்" என்றார். குறிப்பெடுப்பவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. கொழுந்தனே ஒட்டினான். தலைவர் அரும்பாடுபட்டு மேற்கொண்ட ஆடை ஆராய்ச்சியின் பயனாக, படிக்கட்டு அசல் என்று உறுதியாகிவிட்டது. அசலை அசலாகவே காக்க வேண்டும். படத்தில் இல்லாத எதுவும் இந்த வளாகத்தில் இருக்கக் கூடாது. படத்தில், படிக்கட்டுக்குக் கீழே கடை இல்லை. பதினைந்து நாளில் காலி செய்க.

படித்து முடித்ததும் அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"படிக்கட்டு பொய்யின்னு சொல்லி என்னைப் போகச் சொன்னான். இப்ப படிக்கட்டு நெஜம்னு சொல்லிப் போகச் சொல்றான். படிக்கட்டா இவனுக்குப் பிரச்சினை? நான் இங்க உக்காந்து சோறு தின்றது கண்ணுல குத்துது!"

"கண்டுபிடிச்சது நீங்கன்னு ஒரு வரியாவது போட்டிருக்கலாம் அண்ணி."

"என் பேரைப் போட்டு என்ன, கதவுல மாலையா மாட்டப்போறேன்? அத விடு. 'படத்தில் இல்லாத எதுவும்'னு போட்டிருக்கே, கீழ கையெழுத்து யாரோடது?"

"தலைவரோடதுதான்."

"பேனா வச்சிருக்கியா? வா."

மண்டபத்தின் முகப்பில் தலைவரின் காருக்காகத் தகரக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு பக்கத்து நான்கு தூண்களில் இரண்டை அது முழுசாக மறைத்திருந்தது. அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவி அதை அளந்தாள். கொழுந்தன் வேலை போய்விடுமோ என்ற முகத்தோடு, ஆனால் எண்களை அழகாக எழுதினான். மாடியில், குவிமாடத்தை ஒட்டி, குழு கூடுவதற்கென்று கட்டிய கண்ணாடி அறையின் சன்னல் திறந்தது.

"என்னம்மா நடக்குது அங்க?" தலைவர்.

"படத்துல இல்லாததுக்கெல்லாம் அளவு எடுக்கறோம் சார். கொட்டகை பதினெட்டுக்குப் பத்து. அடுத்து உங்க ரூம்தான். மேல வரட்டுமா?"

"இது நிர்வாக வசதிக்குக் கட்டினதும்மா!"

"என் கடை மட்டும் என்ன, வேண்டுதலுக்கா கட்டினாங்க? கமிஷனருக்கு ஒரு மனு, பத்திரிகைக்கு ஒரு நகல். அங்க சொல்லுங்க சார், வசதிய."

சன்னல் சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் கொழுந்தனின் போன் அடித்தது. "சரிங்க சார், இப்பவே சார்" என்று விறைத்து நின்று பேசிவிட்டு, பல்லெல்லாம் தெரியக் கடைப் பக்கம் ஓடினான்.

"அண்ணி, நோட்டீசைக் கிழிச்சுடச் சொல்லிட்டார்! கடை இருக்கட்டுமாம்!"

"கிழிக்காதே!" அவள் போட்ட சத்தத்தில் குவிமாடத்துப் புறாக்கள் எழும்பின. "தண்ணி தொட்டு, ஓரத்துலேர்ந்து மெதுவா உரி. கையெழுத்து கெடாம எனக்கு முழுசா வேணும். மனுவோட வைக்கணும்."