அட்டையில் வந்த பிஸ்கட்

கரண்ட் போக ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் பூங்கோதையின் திட்ட அறிக்கைக்கான மேலட்டை பிரிண்டரை விட்டு வெளியே வந்தது.

வழவழப்பான அட்டை. நீலக் கரை. கொட்டை எழுத்தில் ‘பிஸ்கட் பொம்மை தயாரிப்பு - தொழில் திட்டம்’. எழுத்துக்குக் கீழே, தட்டு நிறைய கிரீம் பிஸ்கட்.

“என்னண்ணே இது?”

“நெட்டுல தேடி எடுத்தேன்மா,” என்றார் டி.டி.பி. சென்டர் கொளஞ்சிநாதன். “எடுத்துக் கடிக்கலாம் போல இருக்குதுல்ல?”

“கடிச்சா பல்லு போயிடும். நான் பண்ணப்போறது பீங்கான் பொம்மைண்ணே. சூளையில ஒருதரம் வெந்து, மேல பளபளப்பு ஏத்தாம வெள்ளையா இருக்குமே, அதுக்குப் பேருதான் பிஸ்கட்டு. விருத்தாசலத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“நான் வேப்பூர்க்காரன். எனக்கு டீயில முக்குற பிஸ்கட்டுதான் தெரியும். குழந்தைங்க திங்கிற பொம்மை பிஸ்கட்டுன்னு நெனச்சிட்டேன். இரு, ரெண்டே நிமிஷம், மாத்திடறேன்.”

அவர் மவுசைத் தொட்டார். தலைக்கு மேல் மின்விசிறி முனகி நின்றது. திரை இருண்டது.

மணி பத்து. கரண்ட் வரப் பன்னிரண்டு ஆகும். பேங்க் மேனேஜர் வரச் சொன்னது பதினொன்றுக்கு.

ஒன்பது வருஷம் அடுத்தவர் சூளைக்கு பொம்மை அச்சில் களிமண் கூழ் ஊற்றியவள் பூங்கோதை. இப்போது சொந்தச் சூளைக்கு லோன் கேட்கிறாள். போன தடவை பழுப்பு அட்டையில் கையால் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் புரட்டக்கூட இல்லை. அப்படியே மேஜையில் இருந்த லோன் மனுக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. இன்றைக்கு அவர் உள்ளே ஒரு பக்கமாவது பார்க்க வேண்டும். பார்த்தால் போதும், கணக்கு பேசும்.

தட்டு பிஸ்கட்டையே முறைத்தாள்.

“அண்ணே, பிளேடு இருக்குதா?”

“ஏம்மா, ஒரு அட்டைக்காகவா இந்த முடிவு?”

“குடுங்கண்ணே.”

ஸ்கேலை வைத்து, பிஸ்கட் படத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தாள். அட்டையில் ஒரு ஜன்னல். அதைக் கையோடு கொண்டுவந்திருந்த திட்டப் பக்கங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே முதல் பக்கத்தில் அவள் ஒட்டியிருந்த புகைப்படம் இரண்டு விரல்கடை தள்ளி நின்றது. மெல்லப் பிய்த்து, நகர்த்தி ஒட்டினாள். இப்போது ஜன்னல் வழியே அவள் கையால் செய்த ஆறு வெள்ளைப் பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன.

கொளஞ்சிநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார். “இனிமே கல்யாணப் பத்திரிகைக்கு நானும் இப்படி ஜன்னல் வெட்டப்போறேன். பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லு.”

“வந்து சொல்றேண்ணே.” அவள் அதற்குள் தெருவில் இருந்தாள்.

பதினொன்றே கால். மேனேஜரின் மேஜையில் குவியல் முழங்கை உயரம். அவளுடையதை வாங்கினார். கை பழக்கப்படி குவியலின் பக்கம் போனது.

பாதி வழியில் நின்றது.

“பிஸ்கட்டுன்னு போட்டிருக்கு. பொம்மை எட்டிப் பார்க்குது?” ஜன்னலின் ஓரத்தில் விரலை விட்டு அட்டையைத் திறந்தார். ஒரு பக்கம். அடுத்த பக்கம். பேனாவை எடுத்தார்.

“சூளைக்கு இடம் பார்த்தாச்சாம்மா?”

“பார்த்தாச்சுங்க சார். எட்டாம் பக்கத்துல இருக்குதுங்க.”

மேனேஜர் எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டு, எட்டாம் பக்கத்தைத் தேடிப் புரட்டினார்.