பீடி குடிக்காதவன்

சிவகாசியில் இப்போது தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது மறதி நோய் வந்த பெரிசு ஒன்று இருக்கிறது. பட்டாசுக் கம்பெனி வேனுக்கு நிற்கிற பெண்களைப் போலவே, பெரிசுகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண்களும் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். செல்லத்தாய் அப்படித்தான் அய்யாதுரை முதலாளி வீட்டுக்குப் போனாள். ஆனால் அவள் போனது பிழைப்புக்காக மட்டும் இல்லை.

அவள் புருசன் கண்ணுச்சாமி பல வருசத்துக்கு முன்னால் அவர் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் செத்தவன். அவன் மடியில் பீடியும் தீப்பெட்டியும் வைத்திருந்தான், எல்லாம் அவனால்தான் என்று அய்யாதுரை கூசாமல் சொல்லிவிட்டார். வாழ்நாளில் பீடியைத் தொடாத மனுசன்! அதே விபத்தில் மகனைப் பறிகொடுத்த பாலம்மாள், செல்லத்தாயைக் கண்டால் இன்றைக்கும் காறித் துப்பிவிட்டுத்தான் போவாள். பழி சொன்ன வாயாலேயே அது பொய் என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டுதான் செல்லத்தாய் அந்த வீட்டுப் படியேறினாள். தான் யார் என்று அங்கே காட்டிக்கொள்ளவில்லை.

போய்ப் பார்த்தால் அந்த ஆளுக்குத் தன் பேரே தெரியவில்லை. பாவி, தப்பித்துவிட்டானே என்று மனசுக்குள் திட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் தெருவில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அய்யாதுரை பதறி எழுந்தார். செல்லத்தாயைச் செத்துப்போன தன் சம்சாரம் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய சொல்லிராத. முந்தின நாள் கலந்து மிஞ்சுன வெடிமருந்த, வெடிச்சிரும்னு தெரிஞ்சும் அள்ளச் சொன்னது நாந்தான். கண்ணுச்சாமி மடியில பீடி இருந்துச்சுன்னு சொல்லிருவோம். செத்தவன் வந்து பேசவா போறான்?"

காலையில் தின்றது மறந்துபோகிறது, இது மட்டும் மறக்கவில்லை! முகத்தில் வைத்து அமுக்கிவிடலாமா என்று தலையணையை எடுத்தாள். அவ்வளவு சுளுவாக இவன் போகக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள். மறுநாள் அவளே, போலீஸ் வந்திருக்கிறது, என்ன சொல்ல என்று கேட்டுப் பார்த்தாள். பிசகாமல் அதே பதில் வந்தது. எப்போது கேட்டாலும் அதே பதில்தான்.

அய்யாதுரையின் மகன் ராஜபாண்டியன் அப்பாவின் நோயைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை. வியாபாரிகள் பெரியவர் முகத்துக்காகத்தான் சீசன் ஆர்டர் தருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்தான். வியாபாரிகள், கம்பெனி ஆட்கள், பழைய ஆட்கள் எல்லாரையும் கூட்டினான். பாலம்மாளும் வந்திருந்தாள்.

"எங்கய்யாவுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுகூட மறக்கல," என்று மைக்கில் அடித்துவிட்டான். கூட்டம் கைதட்டியது.

மைக்கை அவர் முன்னால் வைத்துவிட்டு மாலை எடுக்கத் திரும்பினான். நாற்காலிக்குப் பின்னால் நின்ற செல்லத்தாய் குனிந்து, அவர் காதில் போலீஸ் வந்திருக்கிறது என்றாள். அதே பதிலை அவர் ரகசியமாகத்தான் சொன்னார். மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

ராஜபாண்டியன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினான். அய்யாவுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு, நம்பாதீர்கள் என்று குழறினான்.

"இப்பத்தான ஒண்ணுகூட மறக்கலன்னு சொன்னீக," என்றாள் செல்லத்தாய்.

வியாபாரிகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள், பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. பந்தியில் உட்கார ஆளில்லை. செல்லத்தாய் நேராகப் போய் முதல் இலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாலம்மாள் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

செல்லத்தாய் பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கினாள்.