குழல் சுமந்தவள்

டச்சுக்காரன் ஜப்பான்காரனிடம் சரணடைந்துவிட்டான் என்று ரேடியோ சொன்னபோது அந்த டச்சுக்காரனிடம் சம்பளம் வாங்கும் எங்கள் படை காருட் மலைமேல் இருந்தது. முதலாளியே கடையைச் சாத்திய பிறகு சரக்கை என்ன செய்வது? எங்கள் சரக்கு, சுவீடனில் செய்து ஜாவாவுக்கு வந்த மலைப்பீரங்கி ஒன்று. கழற்றினால் எட்டுச் சுமை. எட்டுக் குதிரை முதுகில் ஏறிவிடும். ஏழு குதிரைகள் முந்தின நாள் விமானத் தாக்குதலில் செத்துப்போயின. மிஞ்சியவள் பூங்சு, பீரங்கிக் குழலைச் சுமப்பவள். பீரங்கியை நாங்களே தள்ளிக்கொண்டு வந்திருந்தோம்.

"பீரங்கியை வெடி வச்சுச் சிதறடிங்க. குதிரையைச் சுடுங்க. எதிரி கைக்கு எதுவும் போகக்கூடாது" என்றார் லெப்டினன்ட் வெர்ஹூவன்.

பூங்சுவை வளர்த்தவன் ஜமாரிஸ். என்னைப்போலவே பாயகும்பு மாட்டுச்சந்தையில் பிறந்து வளர்ந்தவன். குறுக்கே போய் நின்றான்.

"துவான், இதுக்கு ஒரு குண்டு தண்டம். ஜப்பான்காரன் புடிச்சா அவனுக்குத்தான் நஷ்டம். தீனிக்கு அடங்காது, மூஞ்சி புடிக்கலைன்னா கடிக்கும்."

"நேத்துதானே இப்படியொரு குதிரை ஜாவாவுலயே இல்லைன்னே?"

"அது விக்கிறப்ப சொல்றது துவான். இது கழிக்கிறப்ப சொல்றது."

வெர்ஹூவன் சிரித்துவிட்டார். "காட்டுக்குள்ள விரட்டு. ஆனா மறுபடி என் கண்ணுல பட்டா சுட்டாகணும். உத்தரவு."

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும்டா, வா."

எங்கள் சந்தையில் சாரத் துணிக்கு அடியில் கையைக் கோத்து, விரலாலேயே விலை பேசுவோம். விரலை விட்டால் பேரம் முடிந்தது. வாயால் பேசும்போது எங்கே விடுவதென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ஜெயித்த சூட்டில் ஜமாரிஸ் அடுத்த பேரத்துக்குப் போனான்.

"வெடி வைக்கிறது வேணாம் துவான். சத்தம் கேட்டு ஜப்பான்காரன் இப்பவே ஓடி வருவான். கழட்டிப் பள்ளத்துல உருட்டிடலாம். இரும்பாவது முழுசா கிடக்கும்."

"உனக்கு அந்த இரும்புமேலயும் கண்ணா?" என்றார் வெர்ஹூவன். யோசித்தார். அதற்கும் தலையாட்டினார்.

பூங்சுவை ஜமாரிஸ் கல்லெறிந்து விரட்டினான். அவள் மரங்களுக்குள் மறைந்ததும் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். வந்து, குழலைப் பிடித்திருக்கும் முளையைச் சுத்தியலால் தட்டினான். மூன்றாவது தட்டில் முளை கழன்றது.

மரக்கிளை முறிந்தது. பூங்சு.

சண்டையில் பீரங்கி சுட்டு முடிக்கும்வரை குதிரைகள் பள்ளத்தில் விலகி நிற்கும். முளையில் சுத்தியல் விழுந்தால் குழல் சுமப்பவள் தானாக வரவேண்டும். அதை அவளுக்குப் பழக்கியவன் ஜமாரிஸ்தான். பீரங்கிக்கு வெடி வைத்திருந்தால் சுத்தியல் விழுந்திருக்காது, அவள் வந்திருக்க மாட்டாள்.

அவள் நேராகப் பீரங்கியிடம் வந்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏன் வந்தே?" என்று வெர்ஹூவன் குதிரையைத்தான் கேட்டார். பிறகு ஜமாரிஸைப் பார்த்தார். இவன் ஏதாவது சொல்லமாட்டானா என்று அவரே காத்திருந்த மாதிரி இருந்தது. ஜமாரிஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

வெர்ஹூவன் துப்பாக்கி உறையை அவிழ்த்தார்.

"கொஞ்சம் இருங்க துவான்" என்றான் ஜமாரிஸ். "இன்னும் ஏன் சுமை ஏத்தலைன்னு திரும்பித் திரும்பிப் பாக்குது."